பிழை கையில் இல்லை!

கோணல் எழுத்து, நழுவும் பந்து, நேரம் போதாத தேர்வு... ‘சோம்பேறிக் கண்’ பிள்ளைகளின் கையை எப்படிப் பாதிக்கிறது?

காலை பத்தரை மணி. ஆரம்பப் பள்ளியின் வராண்டாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை. தரையில் சாக்பீஸ் கோடு. அதைத் தாண்டாமல் நின்று வாசிக்க வேண்டும்.

ஒரு பையனின் முறை வருகிறது. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். “அடுத்த கண்ணு” என்கிறார் பரிசோதகர். இடது கண்ணைப் பொத்துகிறான். மேலே உள்ள பெரிய எழுத்தைச் சொல்கிறான். அடுத்த வரியில் தடுமாறுகிறான். கழுத்து மெல்லத் திரும்புகிறது, விரல்களுக்கு நடுவே ஓர் இடுக்கு திறக்கிறது, மறுபடி மளமளவென்று வார்த்தை வருகிறது.

“மிஸ், இவன் எட்டிப் பாக்குறான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை மொத்தமும் சிரிக்கிறது. பரிசோதகர் சிரிக்கவில்லை. பையனின் கையை எடுத்துவிட்டு, கறுப்பு அட்டையால் இடது கண்ணை முழுதாக மறைக்கிறார். இப்போது இரண்டாவது வரிகூட வரவில்லை.

வகுப்பாசிரியைக்கு நம்ப முடியவில்லை. “இவனா சார்? நல்லாப் படிக்கிற பையன். கையெழுத்துதான் கோழிக் கிறுக்கல். பி.டி. பீரியட்ல பந்தைப் போட்டா கையில பிடிக்காம நெஞ்சுல வாங்குவான். அதைக் கண்ணோட கோளாறுன்னு யாருக்குத் தோணும்?”

இப்படி ஒரு காட்சி நடக்காத பள்ளி அபூர்வம். ஒரு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை எதையும் புகாராகச் சொல்வதில்லை. அறிகுறி முதலில் தென்படுவது அதன் கையில். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்களோ வேறு: கவனமில்லை, அவசரக்குடுக்கை, விளையாட்டே வராது.

மூளை ஓரங்கட்டும் கண்

பிறந்த குழந்தைக்குக் கண் திறந்திருக்குமே தவிர, பார்க்கக் கற்றுக்கொள்வது மூளைதான். இரண்டு கண்ணிலிருந்தும் தெளிவான பிம்பம் வந்தால்தான் அந்தப் பாடம் நடக்கும். ஒரு கண் மாறுகண்ணாக விலகியிருந்தாலோ, இரண்டு கண்ணின் பவரும் பெரிதாக வேறுபட்டாலோ, பிறவிக் கண்புரையோ இறங்கிய இமையோ ஒளியை மறைத்தாலோ, ஒரு பக்கத்துச் செய்தி கலங்கலாகப் போய்ச் சேரும். மூளை அதை ஒதுக்கிவிட்டு, தெளிவான கண்ணையே நம்பத் தொடங்கும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் அதன் பார்வை வளராது. இதுதான் ‘சோம்பேறிக் கண்’. மருத்துவர்கள் இதை ஆம்ப்ளியோபியா என்பார்கள்.

ஹார்வர்டில் டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்துவைத்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்துத் தையலைப் பிரித்தபோது கண்ணில் பழுதில்லை. மூளையின் பார்வைப் பகுதியோ அந்தக் கண்ணுக்குப் பெரும்பாலும் பதில் சொல்லவில்லை. வளர்ந்த பூனைகளில் அதே சோதனை அத்தகைய பாதிப்பைத் தரவில்லை. பார்வை வளர ஒரு பருவம் உண்டு என்பதைக் காட்டிய ஆராய்ச்சி இது. இருவருக்கும் 1981ல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் ஏறத்தாழ முதல் ஏழெட்டு ஆண்டுகள். பென்சில் பிடிக்க, பொத்தான் மாட்ட, பந்து பிடிக்க, கத்தரிக்கோலால் வெட்டக் கை பழகுவதும் அதே ஆண்டுகளில்தான். சிக்கலின் வேர் இந்த ஒற்றுமையில் இருக்கிறது.

*
பெட்டிச் செய்தி: சுருக்கமாக...

● உலக அளவில் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் நான்கு பேருக்குச் சோம்பேறிக் கண் இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன.
● பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணிலும் வரலாம்.
● மாறுகண் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் கவனித்துவிடுவார்கள். பவர் வேறுபாட்டால் வருவது வெளியே தெரியவே தெரியாது. அதனால் அதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.
● 3 முதல் 5 வயதுக்குள் ஒருமுறையாவது பார்வைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழுவின் பரிந்துரை.
*

கை எங்கே தடுமாறுகிறது?

கண் மருத்துவமனைகளில் ஒரு புத்தகம் இருக்கும். திறந்தால் பெரிய ஈயின் படம். குழந்தைக்கு ஒரு விசேஷக் கண்ணாடியை மாட்டி, “ஈயோட இறக்கையைப் பிடி” என்பார்கள். இரு கண்ணும் கூடி வேலை செய்யும் குழந்தைக்கு ஈ தாளைவிட்டு எழும்பி நிற்பதுபோலத் தெரியும். அதன் விரல்கள் தாளுக்கு மேலே அந்தரத்தில் இறக்கையைக் கிள்ளும். சில குழந்தைகள் பயந்து கையை இழுத்துக்கொள்ளும். கடுமையான சோம்பேறிக் கண் உள்ள பல குழந்தைகள் விரலைத் தாளின் மீதே வைப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் படம்.

இரண்டு கண்களுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் இரண்டும் சற்றே வேறான காட்சிகளைத் தருகின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. டம்ளரை எடுக்கக் கை நீளும்போது, கடைசி ஓரிரு அங்குலத்தில் விரல்களை எவ்வளவு விரிப்பது, எந்தக் கணத்தில் மூடுவது என்ற கணக்குக்கு இந்த ஆழப் பார்வை பெரிதும் உதவுகிறது. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் சைமன் கிரான்ட், கேத்தரின் சட்டில் குழுவினர், சோம்பேறிக் கண் உள்ள சிறுவர்கள் பொருளை எட்டி எடுக்கும் விதத்தை அளந்தார்கள். கை பொருளை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் எடுத்தார்கள், பிடியில் அதிகம் பிசகினார்கள். 2011ல் வெளியான ஆய்வு இது.

ஆழம் ஒன்றே காரணமும் அல்ல. கை ஓரிடத்துக்குப் போகும் முன் கண் அங்கே போய் நிலைக்க வேண்டும். சோம்பேறிக் கண் உள்ளவர்களுக்கு அந்த நிலைப்பு ஆட்டம் காண்கிறது, பார்வை தாவும்போது தாமதம் ஏற்படுகிறது. கண் தாமதித்தால் கையும் தாமதிக்கும்.

அன்றாட வேலைகளில் இது எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஆன் வெபர் குழுவினர் 2008ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. சோம்பேறிக் கண் உள்ள 82 குழந்தைகள், இல்லாத 37 குழந்தைகள். சராசரி வயது எட்டு. பாசி கோப்பது, சீட்டு பிரிப்பது, காசுகளைப் பெட்டியில் போடுவது, வளைந்த பாதைக்குள் கோடு இழுப்பது, வட்டத்தை வெட்டுவது என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகள் செய்யும் வேலைகளையே சோதனையாக வைத்தார்கள். சோம்பேறிக் கண் உள்ள குழு பின்தங்கியது. வேகமும் துல்லியமும் ஒருசேரத் தேவைப்பட்ட வேலைகளில் இடைவெளி பெரிதாக இருந்தது. மாறுகண் உள்ள பிள்ளைகள் அதிகம் சிரமப்பட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பாசி கோக்கத் தெரியும். கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், அவ்வளவுதான். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டினால்தான் பாசி தரையில் உருளும்.

நோட்டில் தொடங்கி ஓ.எம்.ஆர். வரை

பள்ளிக்கூடம் முழுக்க நேரக் கணக்கில் ஓடுகிறது. கரும்பலகையைப் பார், நோட்டுக்குத் திரும்பு, விட்ட இடத்தைக் கண்டுபிடி, கோட்டுக்குள் எழுது, மணி அடிப்பதற்குள் முடி. கண்ணையும் கையையும் மாற்றி மாற்றி ஓடவிடும் வேலை இது.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டா கெல்லி, ஐலீன் பர்ச் குழுவினர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள். சோம்பேறிக் கண் உள்ள குழந்தைகள் இரண்டு கண்ணையும் திறந்துவைத்து வாசிக்கும்போதும் மற்றவர்களைவிட மெதுவாகவே வாசிக்கிறார்கள் என்று காட்டினார்கள். பிறகு, கேள்வித்தாளில் இருக்கும் விடையை விடைத்தாளில் வட்டமிட்டு நிரப்பும் வேலையை அளந்தார்கள். யோசிக்கத் தேவையில்லாத, வெறுமனே இடம் மாற்றும் வேலை. அதற்கே சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைகள் சுமார் 28 சதவிகிதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள். 2018ல் வெளிவந்தது இந்த ஆய்வு.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டும் அல்ல. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் இரண்டு தாள்கள், தாளுக்கு 90 கேள்விகள், 90 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். யோசிப்பதும் அதற்குள், ஓ.எம்.ஆர். தாளில் சரியான வட்டத்தைத் தேடிக் கறுப்பாக்குவதும் அதற்குள். தேறினால் நான்கு ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரூபாய். பிறகு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வந்தால் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். விடை தெரிந்தும் வட்டமிட நேரம் போதாத பிள்ளைக்குப் போகும் மதிப்பெண், அறிவுக் குறைவாகவே கணக்கில் ஏறும்.

கூடுதல் நேரம் கேட்கலாமே? சட்டம் இங்கே கைகொடுப்பதில்லை. இந்திய விதிகளின்படி ஒரு கண்ணில் முற்றிலும் பார்வை இல்லாமல் போனாலும், மறு கண் நன்றாக இருந்தால் ஊனத்தின் அளவு 30 சதவிகிதம்தான். சலுகைகள் பெரும்பாலும் 40 சதவிகிதத்தில் தொடங்குகின்றன. ஒரு கண்ணில் மட்டும் உள்ள சோம்பேறிக் கண் அந்த வரம்பை எட்டுவதில்லை.

“நீ ஒப்புக்குச் சப்பாணி!”

மைதானத்தில் தீர்ப்பு இன்னும் வேகமாக வந்துவிடும். பறந்துவரும் பந்து எப்போது கைக்கு எட்டும் என்று கணிக்க ஒரு நொடிகூட இருக்காது. இரண்டு முறை பந்தை விட்டவனை மூன்றாவது நாள் யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். சேர்த்தாலும் ஒப்புக்குச் சப்பாணிதான். விளையாடாதவனுக்குப் பயிற்சி கிடைக்காது. பயிற்சி இல்லாத கை இன்னும் பின்தங்கும்.

டாலஸ் குழுவினர் 2019ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டது. சோம்பேறிக் கண் உள்ளவர்கள் மூன்று விஷயங்களில் தங்களுக்குக் குறைவான மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள்: படிப்பு, விளையாட்டுத் திறமை, சக பிள்ளைகள் தங்களை ஏற்றுக்கொள்வது. குறி பார்த்து எறிவதிலும் பந்து பிடிப்பதிலும் பின்தங்கியவர்களுக்குத் தங்கள் உடல்திறன் மீதான நம்பிக்கையும் குறைந்திருந்தது.

பட்டோடி சொன்ன பாடம்

ஒற்றைக் கண்ணோடு கிரிக்கெட் ஆடியவர் என்றதும் நினைவுக்கு வருபவர் மன்சூர் அலி கான் பட்டோடி. 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் அவர் வலது கண் பார்வையை இழந்தார். வயது இருபது. ஜாடித் தண்ணீரை டம்ளரில் ஊற்றப்போய் மேஜையில் ஊற்றியதையும், சிகரெட் நுனிக்குத் தீ வைக்கத் தவறியதையும் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் டெஸ்ட் போட்டியில் இறங்கினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். இரண்டே மாதத்தில், 21 வயதில், இந்திய அணியின் கேப்டன்.

அவருடையது சோம்பேறிக் கண் அல்ல. இரண்டு கண்ணோடு இருபது ஆண்டுகள் பழகிய கை அவருடையது. ஆட்டத்தின் அடிப்படையை முழுதாகக் கற்ற பிறகுதான் ஒரு கண் போனது. சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு அந்த அஸ்திவாரமே போடப்படும் வேளையில் ஒரு கண் ஒதுங்கிவிடுகிறது. ‘பட்டோடி ஆடலையா?’ என்று அந்தக் குழந்தையிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் நிழல், பொருள்கள் ஒன்றையொன்று மறைப்பது, தலையை அசைக்கும்போது காட்சி நகர்வது என ஒற்றைக் கண்ணுக்கும் ஆழம் சொல்லும் தடயங்கள் பல உண்டு. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளப் பயிற்சி வேண்டும், அவகாசம் வேண்டும். பட்டோடி காட்டியது இதைத்தான்.

*
பெட்டிச் செய்தி: வீட்டில் கவனியுங்கள்!

● ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருக்கும் குழந்தை, இன்னொரு கண்ணை மறைத்தால் அழுது கையைத் தட்டிவிடுகிறதா?
● டி.வி. பார்க்கும்போதும் எழுதும்போதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறதா?
● வெயிலில் போனால் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறதா?
● ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெண்மையாக, அல்லது வேறு நிறத்தில் தெரிகிறதா? தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.
● தண்ணீர் ஊற்றும்போது அடிக்கடி சிந்துவது, படியிறங்கத் தயங்குவது, பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் முதலில் கண்ணைப் பார்த்துவிடுங்கள்.
*

வாழ்க்கையே போச்சா?

இல்லை. 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 8,861 பேரின் விவரங்களை ஆராய்ந்து ஜுக்னு ராஹி குழுவினர் 2006ல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிப்பு, வேலை, விளையாட்டில் பங்கேற்பு என்று எதிலும் சோம்பேறிக் கண் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அப்படியானால் ஆய்வகத்தில் கண்ட தடுமாற்றம் பொய்யா? இரண்டும் உண்மைதான். பெரியவர்களாகும்போது பெரும்பாலானோர் தமக்கேற்ற வழியைக் கண்டுபிடித்துச் சமாளித்துவிடுகிறார்கள். சிரமம் குவிந்திருப்பது கை பழகும் பள்ளிப் பருவத்தில். ‘உனக்கு வராது’ என்ற முத்திரையும் அந்த வயதில்தான் குத்தப்படுகிறது.

சில கதவுகள் மட்டும் பிற்காலத்திலும் அடைபடும். ரயில் ஓட்டுநர் பணிக்கான ஏ-1 மருத்துவத் தகுதிக்கு ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும். இன்னொரு கவலை முதுமையில் காத்திருக்கிறது: நல்ல கண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் கைகொடுக்க மறு கண் தயாராக இருக்காது. இரண்டு கண்ணின் பார்வையும் பாதிக்கப்படும் வாழ்நாள் வாய்ப்பு மற்றவர்களுக்கு 10 சதவிகிதம் என்றால், சோம்பேறிக் கண் உள்ளவர்களுக்கு 18 சதவிகிதம் என்கிறது நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வு.

சிகிச்சை: கண்ணுக்கும் கைக்கும்

முதல் மருந்து கண்ணாடி. பவர் வேறுபாட்டால் வந்த சோம்பேறிக் கண் உள்ள 3 முதல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலானோர் கண்ணாடியாலேயே சரியானார்கள் என்று அமெரிக்கக் குழந்தைகள் கண் நோய் ஆய்வுக் குழு 2006ல் தெரிவித்தது. போதாதபோது அடுத்த கட்டம் பேட்ச்: நல்ல கண்ணை மறைத்து, ஒதுங்கிய கண்ணை வேலை வாங்குவது. நாள் முழுக்க ஒட்ட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மிதமான பாதிப்புக்குத் தினமும் 2 மணி நேர பேட்ச், 6 மணி நேர பேட்ச்சுக்கு இணையான பலன் தருகிறது என்று 2003லேயே நிரூபித்தார்கள். பேட்ச்சைப் பிய்த்து எறியும் பிள்ளைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதைத் தற்காலிகமாக மங்கவைக்கும் முறையும் உண்டு. எது, எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அளவு மீறினால் நல்ல கண்ணின் பார்வை குறையும் ஆபத்து உண்டு.

ஏழு வயது தாண்டிவிட்டதே என்று கைவிடவும் தேவையில்லை. 2005ல் வெளியான ஆய்வில் 7 முதல் 12 வயதினரில் கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் 25 சதவிகிதத்தினர் முன்னேறினார்கள். பேட்ச்சும் சொட்டு மருந்தும் சேர்ந்தபோது அது 53 சதவிகிதம்.

ஆனால் அட்டையில் வரிகள் கூடிவிட்டதால் கையும் தானாகச் சரியாகிவிடாது. பார்வை தேறிய பிறகும் சிலருக்கு ஆழப் பார்வையும் கைவேகமும் முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் இரண்டு கண்ணையும் சேர்த்து வேலை வாங்கும் விளையாட்டுகளில் இப்போது ஆர்வம் கூடியிருக்கிறது. படத்தின் ஒரு பகுதி ஒரு கண்ணுக்கு மட்டும், மீதி மறு கண்ணுக்கு மட்டும் தெரியும். இரண்டும் கூடினால்தான் ஆட்டம் நகரும். இப்படி ஒரு விளையாட்டை ஐந்து வாரம் ஆடிய பிள்ளைகளின் கைத்திறன் உயர்ந்ததாக வெபர் குழுவினரே 2016ல் சிறிய அளவிலான ஆய்வொன்றில் கண்டார்கள். இதே அடிப்படையில், 4 முதல் 7 வயதினர் தலையில் மாட்டிக்கொண்டு வீடியோ பார்க்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2021ல் அனுமதி தந்தது.

கருவிக்குக் காத்திருக்காமல் வீட்டிலும் செய்யலாம். பேட்ச் போட்டிருக்கும் நேரத்தில் பல்லாங்குழி ஆடவிடலாம், வண்ணம் தீட்டச் சொல்லலாம், பாசி கோக்கச் சொல்லலாம். குழிக்கு ஒரு புளியங்கொட்டை, நிதானமாக. அந்த நேரத்தில் தெருவில் சைக்கிள் மட்டும் வேண்டாம்.

*
பெட்டிச் செய்தி: சொல்வதும் உண்மையும்

“மாறுகண் யோகம். கை வைக்காதே.” ஒதுங்கிய கண்ணின் பார்வை நாளுக்கு நாள் பின்தங்கும். தாமதம் நஷ்டம்.
“வளர வளரச் சரியாயிடும்.” சிகிச்சை இல்லாமல் பொதுவாகச் சரியாவதில்லை.
“ஆபரேஷன் செஞ்சா தீர்ந்துது.” அறுவை சிகிச்சை கண்ணை நேராக்கும். பார்வையை வளர்க்கக் கண்ணாடியும் பேட்ச்சும் தனியாகத் தேவைப்படலாம்.
“பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா?” இந்த வயதில் போடாத கண்ணாடியைப் பிறகு போட்டு ஈடுகட்ட முடியாமல் போகலாம்.
*

பள்ளி என்ன செய்யலாம்?

மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013லிருந்து நடக்கிறது. அதன் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். கட்டமைப்பு இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கண்ணை உள்ளங்கையால் பொத்தவிடாமல் முழுதாக மறைத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். பரிந்துரைச் சீட்டு பெற்ற பிள்ளை மருத்துவமனைக்குப் போனதா, கண்ணாடி வந்ததா, அதைப் போடுகிறதா என்று அடுத்த மாதமும் கேட்க வேண்டும். பேட்ச் போடும் பிள்ளையைக் கேலி செய்யாதிருக்க வகுப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

மற்றதெல்லாம் ஆசிரியர் கையில் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு முன்பெஞ்சில் இடம், கரும்பலகையிலிருந்து எழுதி முடிக்க ஐந்து நிமிடம் கூடுதலாக, வகுப்புத் தேர்விலாவது கொஞ்சம் அவகாசம். பி.டி. பீரியடில் பெரிய, பளிச்சென்ற நிறத்தில், மெதுவாக வரும் பந்தில் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய பந்துக்குப் போகலாம். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

மூன்று வயது முடிந்த குழந்தை வீட்டில் இருந்தால் இந்த மாதமே கண் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையெழுத்துக்காக அடுத்த முறை பிரம்பை எடுப்பதற்கு முன், அதன் இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.